காணாததைச் சொல்லாதவர்

என் மனைவி ரீட்டா கடைசியாகப் பேசியதைக் கேட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர். அது நான் இல்லை. அந்த நேரம் நான் துறைமுகத்தில், ஒரு கொள்கலன் பெரிய வெங்காயத்துக்காகச் சுங்க அதிகாரி ஒருவரின் மேசை முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கேட்டவர் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் தனியாக இருந்த யாழ்ப்பாணத்துப் பெண். எலி, பன்றி, குரங்கு, மனிதன் என்று ஒவ்வொன்றின் மூளைக் கலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவருடைய வேலை. மனித மூளை எந்த இடத்தில் மற்றவற்றிலிருந்து விலகி இப்படி ஆனது என்று தேடுகிற வேலை. அவர் உண்மை பேசுகிறவரா இல்லையா என்பது எனக்கு ஊர்வம்பு இல்லை. ரீட்டா என்னோடு கோபமாகப் போனாளா, கோபம் ஆறிப் போனாளா என்பது அந்த ஒரு வாயில்தான் இருக்கிறது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் "நல்ல மனுசியப்பா" என்று சமாதானம் சொல்ல வருவார்கள். நல்ல மனுஷி என்பது எனக்கும் தெரியும். எரிச்சலே அதில்தான்.

அவரைக் கண்டுபிடித்தவள் ரீட்டா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கொட்டாஞ்சேனைச் சந்தையில் பன்றியிறைச்சி வாங்கப் போயிருக்கிறாள். அங்கே சிவப்பு ஐஸ் பெட்டியொன்றைத் தோளில் மாட்டிய ஒரு பெண், உடைந்த சிங்களத்தில் கடைக்காரரிடம் மூளை கேட்டுக்கொண்டு நின்றாராம். மூளை மட்டும் போதாதாம். எத்தனை மணிக்கு வெட்டியது, வெட்டியதிலிருந்து ஐஸில் இருந்ததா, பன்றிக்கு என்ன வயது என்றெல்லாம் விசாரணை. பன்றியின் பிறப்புச் சான்றிதழையும் வேண்டுமானால் எடுத்துத் தரவா என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ரீட்டா இடையில் புகுந்து மொழிபெயர்த்திருக்கிறாள்.

"எப்படிச் சமைப்பீங்க மிஸ்? மிளகு போட்டுப் பிரட்டுவீங்களா?"

"நான் மச்சமாமிசம் சாப்பிடுறேல்லை."

"அப்ப யாருக்கு இது?"

"பாக்கிறதுக்கு."

மழை தொடங்கிவிட்டது. மூளையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை மழையில் நிற்கும்போது எப்படி விட்டுவிட்டு வருவது என்று ரீட்டா அவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். நான் வந்து பார்க்கும்போது சாப்பாட்டு மேசையில் ஐஸ் பெட்டி இருந்தது. பக்கத்தில் மெலிந்து உயர்ந்த ஒரு பெண் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வேண்டியவை முறையாக வேறு வழியில் வருமாம். சந்தை மூளை, மெல்லிய சீவலாக வெட்டுகிற கையைப் பழக்குவதற்காம். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இன்னைக்குச் சரியான வெக்கை" என்றேன்.

"எதோட பாக்க?" என்றார்.

விளங்கவில்லை.

"நேற்றையோட பாக்கவோ, போன கிழமையோட பாக்கவோ? நேற்று இதைவிடக் கூட வெக்கை."

எனக்கு இந்த ஆள் சரிவராது என்று அன்றே நினைத்தேன். ரீட்டாவோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவர்கள் இருவரும் அன்றோடு ஒட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வருவார். சைவக் கடை உழுந்துவடை ஒரு பொட்டலம் கையில் இருக்கும். ரீட்டா அவரை மிஸ் என்று கூப்பிடுவதை விடவேயில்லை. அவர் என்னை அண்ணா என்பார்.

ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு அவரால் எதையும் சொல்ல முடியாது. மாம்பழம் இனிப்பா என்று கேட்டால் இன்னொரு மாம்பழம் வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, தான் காணாததைச் சொல்லவே மாட்டார். "நான் காணேல்லை" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருந்தது. ஒருமுறை எங்கள் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தபோது, கடவுள் நம்பிக்கை உண்டா மகள் என்று அவரிடம் கேட்டுவிட்டார். "காணேல்லை ஃபாதர்" என்றார். ஃபாதரின் முகம் மாறியதைக் கண்டு, "இல்லையெண்டதையும் நான் காணேல்லை" என்று சேர்த்துக்கொண்டார். ஃபாதர் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார்.

என் அக்கா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். பையன் இவர் வேலை செய்த பல்கலைக்கழகத்தில்தான் விரிவுரையாளர். அக்கா விசாரிக்க வந்தாள்.

"பையன் எப்படி மிஸ்?"

"தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக் கழுவி வைக்கிறதைக் கண்டனான்."

"அதில்ல, குணம்?"

"அது காணேல்லை."

"குடி, கிடி?"

"அதுவும் காணேல்லை. குடிக்காமல் விட்டதையும் காணேல்லை."

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மனுஷிக்கு நாக்கில் ஏதும் கோளாறா என்று கேட்டாள். கடைசியில் அந்தக் கல்யாணம் கோப்பையை நம்பித்தான் நடந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் கோப்பை கழுவுவது அவன்தான்.

நான் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற கிளார்க். பழைய இயந்திரத்தைப் புதியது என்பார்கள், புதியதைப் பழையது என்பார்கள், வரி எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் உண்மை சாயும். பொய்யின் வாசம் எனக்குத் தெரியும். நானும் தேவைக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வந்து, வாயைத் திறந்தால் கண்டதை மட்டும் சொல்கிற ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கேலி செய்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் அவர் வரப் பிந்தினால் வாசலை எட்டிப் பார்ப்பவனும் நான்தான்.

அவருடைய வேலை எனக்கு விளங்கியது ரீட்டாவின் பொத்தான் டப்பாவால். ரீட்டா பள்ளிக்கூடச் சீருடைகளும் பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்க உடுத்தும் கவுன்களும் தைப்பாள். ஒரு நாள், "அப்படி என்னத்த மிஸ் அந்த மூளைக்குள்ள பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். அவர் டப்பாவை மேசையில் கொட்டி, பொத்தான்களை வகை வகையாகப் பிரித்து வைத்தார்.

"இது பண்டியின்ர எண்டு வையுங்கோ. இந்த வகை குரங்கிலயும் இருக்கு. எங்களிலயும் இருக்கு. அநேகமா வகையெல்லாம் ஒண்டுதான். எது கூட, எது குறைய, எது எந்த இடத்தில இருக்கு, கை எவ்வளவு தூரத்துக்கு நீளுது, உள்ளுக்க எந்த மரபணு முழிச்சிருக்கு, எது நித்திரை. வித்தியாசம் அங்கதான் கிடக்கு."

"அப்ப மனுசனுக்குன்னு தனியா ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கலாம். நான் காணேல்லை."

"ஐயோ, இதைக் கோயில் பக்கம் போய்ச் சொல்லிடாதீங்க."

அன்றைக்குத்தான் அவர் தன் குறையையும் சொன்னார். எலி இருக்கிறது, பன்றி இருக்கிறது, மிருகக்காட்சிச்சாலையில் செத்த குரங்கு ஒன்றும் கிடைத்துவிட்டது. மனிதன்தான் இல்லை. "வெளிநாட்டில எடுத்த கொஞ்சப் பேரின்ர மூளையை வச்சுத்தான் எல்லாரும் மனிசன் மனிசன் எண்டு எழுதுகினம். எங்கட ஆக்களை ஆரும் பக்கத்தில வச்சுப் பாக்கேல்லை. பாக்காமல் நான் எப்பிடி மனிசன் எண்டு எழுதுறது?" ரீட்டா ஊசியை வாயில் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கேட்டால் உள்ளே ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ரீட்டாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு பழுது. ஒரு முறை அறுவை செய்து நன்றாகத்தான் இருந்தாள். பிறகு கால் வீங்கத் தொடங்கியது, மாடிப்படி ஏற முடியாமல் போனது, ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக் கட்டிலைவிடப் பழக்கமானது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், முகத்தில் நல்ல களை, அடுத்த மாதம் எழும்பி நடப்பாய் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். மிஸ் வந்தால் கட்டிலின் கால்மாட்டில் நின்று போர்வையை விலக்கிப் பார்ப்பார். "புதன்கிழமையைவிடக் கால் வீக்கம் கூட. மூச்சு புதன்கிழமையைவிட லேசு." அவ்வளவுதான். ரீட்டா என்னுடைய களையை நம்பாமல் அவருடைய புதன்கிழமைக்காகத்தான் காத்திருந்தாள்.

ஒரு நாள் நான் சாப்பாட்டுக் கரியரோடு உள்ளே போகும்போது, தலையணையில் சாய்ந்திருந்த ரீட்டா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மிஸ், உங்களுக்கு மனுசன்தானே இல்ல? என்னுடையதை எடுத்துக்கோங்க."

நான்தான் குதித்தேன். நாங்கள் மண்ணில் அடக்கம் செய்கிற ஆட்கள். முழுதாக வந்தவள் முழுதாகத்தான் போக வேண்டும். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது மூளையை எந்த ஐஸ் பெட்டியில் போய்த் தேடுவாள் என்று கேட்டேன்.

"புழுவுக்குக் குடுக்கிறதை மிஸ்ஸுக்குக் குடுத்தா என்ன?" என்றாள் ரீட்டா.

"புழு உன் தலையைப் பிளந்து குரங்கோட வச்சுப் பார்க்காது."

"என் தலை. நான் குடுப்பேன்."

சட்டப்படி செய்ய வேண்டியவற்றை அவளே செய்தாள். மிஸ் அவளைத் தூண்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவசரப்படாமல் யோசிக்கச் சொன்னார், என்னோடு கதைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு ரீட்டா என் முன்னாலேயே அவரிடம் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"பார்க்கிறதை வந்து இவர்கிட்டச் சொல்லணும். நல்லதோ கெட்டதோ. பார்க்காததைச் சொல்லிடாதீங்க மிஸ். இவரு ஹாபர்ல எல்லார் பொய்யையும் பிடிப்பாரு. வீட்டுக்கு வந்தா எதைச் சொன்னாலும் நம்பிடுவாரு."

"காணாததைச் சொல்லமாட்டன் ரீட்டா."

அன்றிலிருந்து நான் ரீட்டாவோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவேன், சாப்பாட்டை வைப்பேன், கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன், நேரமானதும் எழும்பி வருவேன். அவளும் பேசவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்திய எங்களுக்கு எத்தனையோ சண்டை வந்து போயிருக்கிறது. இதுவும் போகும் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கிழமையிலேயே, வெங்காயக் கொள்கலனுக்காக நான் நின்றுகொண்டிருந்த பகலில், அவள் போய்விட்டாள்.

நான் ஓடிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். மிஸ் திரைக்கு வெளியே நின்றார். காலையிலிருந்து ரீட்டா அரை மயக்கமாம். அவர்தான் பக்கத்தில் இருந்தாராம்.

"ஏதாவது சொன்னாளா?"

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டவ."

"எப்படிக் கேட்டா?"

"'அவரு சாப்பிட்டாரா' எண்டு கேட்டவ."

"வேற?"

"வேற ஒண்டும் கேக்கேல்லை."

வேறு யாராவது என்றால், உங்கள் பெயரைச் சொன்னாள், மன்னித்துவிட்டதாகச் சொன்னாள், முகத்தில் சிரிப்போடு போனாள் என்று நாலு சேர்த்திருப்பார்கள். இவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதனால்தான் நம்பினேன். கோபமாக இருக்கிறவள் சாப்பிட்டாரா என்று கேட்கமாட்டாள். அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தத் திரைக்கு உள்ளே போனேன்.

உடல் கெடாமல் எம்பாம் செய்வதற்கு முன்பே மூளையை எடுக்க வேண்டுமாம். மிஸ் கூடவே போய் எல்லாம் முடித்த பிறகுதான் எம்பாம் செய்கிற மலர்ச்சாலைக்காரர்கள் வந்தார்கள். வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தபோது தலையைச் சுற்றி வெள்ளை லேஸ் வைத்து அழகாக மறைத்திருந்தார்கள். எவருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத்தான் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் குனிந்து ரீட்டாவின் நெற்றியைத் தொட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உள்ளுக்கு ஒண்ணும் இல்லாத தலையை முத்தமிட வைக்கிறியேடா" என்றாள், அத்தனை சனத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு என் வீட்டில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலில் வேறு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

மிஸ் ஞாயிறு தவறாமல் வந்தார். வடைப் பொட்டலத்தை மேசையில் வைப்பார். நான் கேட்பேன்.

"பார்த்தீங்களா மிஸ்?"

"இன்னும் இல்லை அண்ணா. வரிசையில இருக்கு. குரங்கு முடியோணும்."

இப்படிப் பல மாதம் போனது. இதில் எனக்கு அலுப்பே வரவில்லை. ரீட்டா எங்கேயோ ஒரு வரிசையில் நிற்கிறாள், அவள் முறை வரும், அவளைப் பற்றி ஒரு செய்தி வரும் என்ற எண்ணமே எனக்கு ஒரு துணையாக இருந்தது. உயிரோடு இருக்கிறவளைப் பற்றிக் காத்திருப்பது போலத்தான் காத்திருந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பிறகு அந்தக் கரண்ட் வெட்டு வருடம் வந்தது. சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மெழுகுதிரிக்கும் தட்டுப்பாடு. பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. மிஸ் சில ஞாயிறுகள் வரவில்லை. பின்னர் ஒரு நாள் வந்து நின்றார். கன்னம் ஒட்டி, சேலைத் தலைப்பு தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது. கையில் வடை இல்லை. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கடை பூட்டு என்று நினைத்தேன். கதவைத் திறந்த கையோடு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பார்த்தீங்களா மிஸ்?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தனான்" என்றார்.

நான் அவரை உட்கார வைத்தேன். அடுப்பில் விறகு வைத்துத் தேநீர் போட்டேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். குரங்கின் கலங்களோடு வைத்துப் பார்த்தாராம். அதே வகைக் கலம்தான், ஆனால் ரீட்டாவினுடையது கையை எவ்வளவோ தூரம் நீட்டியிருக்கிறதாம். கிளைக்கு மேல் கிளை விட்டு, ஒன்றோடொன்று நெருக்கமாக. பழுது ஒன்றும் இல்லையாம். "வடிவான கலங்கள் அண்ணா" என்றார். வடிவு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். எதோடு பார்க்க வடிவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுங்க மேசையாக இருந்தால் அந்த ஒரு சொல்லிலேயே பிடித்திருப்பேன். வீட்டில் இருந்தேன், நம்பிவிட்டேன்.

அடுத்த நாளே அக்கா வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சொன்னேன். அவள் முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு, திரும்பவும் சொல்லச் சொன்னாள். கைகள் நீளம் என்றதும் அழுதாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தவளுக்குக் கை நீளமாகத்தான் இருக்கும் என்றாள். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை என்று அவளுக்கு விளக்க நான் போகவில்லை. ஒரு கிழமைக்குள் கோயில் வட்டாரம் முழுவதும், ரீட்டாவின் மூளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து டொக்டர்மார் அசந்துபோன கதை பரவிவிட்டது. அக்கா என் வீட்டில் மறுபடியும் சாப்பிடத் தொடங்கினாள். நானும் நித்திரை கொள்ளத் தொடங்கினேன்.

உடலையோ உறுப்பையோ படிப்புக்கென்று கொடுத்தவர்களுக்காக வருடத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் தானம் கொடுப்பார்கள். பிக்குமார் வந்து பிரித் ஓதி, தானம் வாங்கிப் போன பிறகு, ஐயரும் ஃபாதரும் மௌலவியும் ஆளுக்கொரு ஜெபம். குடும்பத்தாரை எல்லாம் கூப்பிடுவார்கள். கரண்ட் பிரச்சினை ஓய்ந்து நாடு கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, எனக்கும் அழைப்பு வந்தது. மிஸ் அப்போது ஏதோ மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெருமையாகத்தான் போனேன்.

சாப்பாடு பரிமாறியவர் மிஸ்ஸின் ஆய்வுகூடத்திலேயே வேலை செய்கிற சிங்களப் பெரியவர். நான் யாருடைய ஆள் என்று விசாரித்தார். சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சமாவென்ன அய்யே" என்று மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். கரண்ட் வெட்டு நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. பிரீசர் நின்றுவிட்டது. உள்ளே இருந்த மனித மூளை எல்லாம் இளகிப் போய்விட்டது. ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்க முடியவில்லை. மெடம் தரையில் உட்கார்ந்து அழுதார். எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் புதைத்தார்களாம், அவரும் கூட நின்றாராம். "மெடம் வந்து சொல்லியிருப்பாங்களே அய்யே."

"ஓம், சொன்னாங்க" என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

அவர் நாட்டுக்குத் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தேன். அந்த நாட்களில் எனக்கு வந்த கோபம் பிரீசர் மேல் இல்லை, கரண்ட் மேலும் இல்லை. அவை கெட்டுப் போகிற சாமான்கள். ரீட்டாவின் மூளை இளகியது என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், ஒரு மாதம் அவரை வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டேன். பிறகு அதுவும் ஆறியிருக்கும். யாரை நம்பக்கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஊர் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நம்பலாம் என்பதற்கு ஒருவர்தான் இருந்தார்.

வெள்ளவத்தையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, என் முகத்தைக் கண்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. மறுக்கவில்லை. யன்னலுக்குக் கீழே கடற்கரை ரயில் போய் முடியும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான் அண்ணா."

"பிறகென்ன?"

"நீங்கள் கதவைத் திறந்த உடன கேட்டியள். உங்கட முகத்தைப் பாத்தன். இல்லையெண்டு சொல்ல ஏலாமல் போச்சு. வாயில வந்திட்டுது."

"கை நீளமா இருக்குன்னு சொன்னீங்களே. கிளை கிளையான்னு."

"அது பொதுவா மனிசருக்கு அப்பிடித்தான். மற்ற ஆக்களின்ரதில எல்லாம் கண்டிருக்கினம்."

"ரீட்டாவுடையதில?"

"காணேல்லை."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உங்களிடம் ஒரு நிபந்தனை வைத்துவிட்டுத்தானே அவள் செத்தாள் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவர் அழுதார், மன்னிப்புக் கேட்டார், என் கஷ்டத்தைப் பார்க்க முடியாமல்தான் என்றார். பார்க்க முடியாமல் என்னிடம் பொய் சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள், அதற்கு நீங்கள் தேவையில்லை என்றேன். பிறகுதான், வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என்னோடு கூடவே வந்த கேள்வி வெளியே வந்தது.

"ஆஸ்பத்திரியில அவ கேட்டதா சொன்னீங்களே. நான் சாப்பிட்டேனான்னு. அதுவும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா?"

அவர் அழுகையை நிறுத்தினார்.

"ஐயோ, இல்லை அண்ணா. அது என்ர காதால கேட்டனான்."

"உண்மையா?"

"கேட்டனான்."

அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இங்கே இருக்கவில்லை. வேறொரு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று கேள்வி. அக்காவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ரீட்டா என்னோடு கோபமாகப் போனாளா என்று தனியாக இருக்கும்போது யோசிப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளவத்தை வீட்டில் நின்ற நிமிஷம்தான் ஞாபகம் வரும். "கேட்டனான்" என்று சொல்லிவிட்டு அவர் என்னை நேராகப் பார்த்தார். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்று அவரோடு பழகிப் பழகி எனக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் இரண்டு முகங்கள் இருந்தன. அன்றைக்கு என் வாசலில் "பாத்தனான்" என்று சொன்ன முகம், இப்போது "கேட்டனான்" என்று சொல்கிற முகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னால் முடிந்தவரை பார்த்தேன். ஒரு வித்தியாசமும் நான் காணவில்லை.